இல்லாத ஏழு அடுக்கு

கல்முனைக்குடி,
வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரை எழுதியது.

அன்பு மகன் மிஹ்லாருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் உன்னை அந்த வெயிலில் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே உனக்கு மூத்தவள் றிஸ்லாத் தாத்தாவும் பிள்ளைகளும் சுகம், தங்கச்சி அப்னா சுகம், என் கண்ணும் சுகம், ஆனால் நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எனக்குக் கண் ஒப்பரேசன் செய்து கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்த நேரம் பார்த்து, நீ டோஹாவில் இருந்துகொண்டு, அப்னாவின் கலியாணத்துக்குக் கட்டுகிற வீட்டு அத்திவாரத்தை நான் வேண்டாம் என்று சொன்ன மண்ணால், நான் வேண்டாம் என்று சொன்ன விதத்தில், ஒரே நாளில் மூட வைத்தாய். எனக்குத் தெரியக்கூடாது என்றும் சொல்லிவைத்தாய். இதுதான் நடந்த அநியாயம். இதற்கு வேறு பெயர் வைத்து என்னிடம் கதைக்க வேண்டாம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், பிறகு லைன் கிளியர் இல்லை உம்மா என்பாய். வொய்ஸ் மெசேஜும் எனக்கு வேண்டாம், அந்தப் பொருளை நான் இந்தக் கிழமை போதுமான அளவு கேட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை நம் பள்ளியடி றாஸிக் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். டொக்டர் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, கனநேரம் எழுதவும் கூடாது என்றார். ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கண்ணுக்கு மருந்து விட்டு அடுத்த பக்கம் எழுதுகிறேன், அதனால் மூன்று நாள் சென்றது. நீ ஒரே இருப்பில் வாசிக்க வேண்டும்.

நீ போன வருடம் வந்து பார்த்த வளவுதான் அது, மேற்கே வயல் பக்கம். வயலை நிரப்பி வீட்டு வளவாக்கிய இடம். இரண்டு அடி தோண்டினால் கறுப்புக் களி, மாரியில் அது புட்டுமாவு மாதிரி ஊதும், கோடையில் விரல் போகிற அளவுக்கு வெடிக்கும். அதனால்தான் கருங்கல் அத்திவாரத்தை ஆழமாகப் போடச் சொன்னேன், தோண்டி எடுத்த களியை முழுக்க அள்ளி அங்கால் ஏற்றிவிடச் சொன்னேன், செம்மண் கிறவல் கொண்டுவந்து நிரப்பச் சொன்னேன். கல்லுக் கட்டி முடித்தது சனிக்கிழமை. சாந்து இறுகப் பதினாலு நாளாவது விட வேண்டும், அதுவரை ஒரு கூடை மண்ணும் உள்ளே விழக்கூடாது என்று தம்பிமுத்து மேசனிடம் சொல்லிவிட்டுத்தான் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் தலையை ஆட்டி, ஓம் றாத்தா, நீங்க கண்ணப் பாருங்க, நான் மண்ணப் பாக்கிறன் என்றார். இருபது வருடமாக நமக்கு வேலை செய்கிற மனிதன், பாண்டிருப்பில் இருந்து சைக்கிளில் வந்து போகிறவர், அவர் சொன்னால் நான் பிறகு யோசிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கட்டோடு றிஸ்லாவின் அறையில் படுத்திருக்கிறேன். மற்றக் கண்ணில் ஆள் வந்தால் நிழல்தான் தெரியும், அது உனக்குத் தெரியும். அப்னா வந்து கட்டில் ஓரத்தில் இருந்து, உம்மா, மேசன் இண்டைக்கு மண் போடத் துவங்கிட்டார், சாந்து நல்லா இறுகிட்டாம், மழை வரும் போலயும் கிடக்காம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாளில் என்ன இறுகும்? எழும்பப் பார்த்தேன், றிஸ்லா தோளைப் பிடித்து அமத்திவிட்டாள். சரி, துவங்கியதை நிறுத்தினால் மழை வந்தால் இன்னும் மோசம் என்று நினைத்து, அப்னாவிடம் சொன்னேன்: மகள், நீ போய் நில்லு, ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரு அடுக்குப் போக விடாதே, உள்பக்கம் ஒரு அடுக்கு என்றால் வெளிப்பக்கமும் ஒரு அடுக்கு, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கிய பிறகுதான் அடுத்தது, எண்ணிக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு. மூன்றரை அடி ஆழம், ஏழு அடுக்கு வர வேண்டும்.

அவள் போனாள், வந்தாள். உம்மா ரெண்டாவது அடுக்கு இடிச்சி முடிஞ்சிது என்றாள். பிறகு வந்து, மூணாவது போகுது, மேசன் தண்ணி தெளிக்கிறார் என்றாள். எனக்குச் சோறு தீத்திக்கொண்டே நாலாவது என்றாள். அஸர் தொழுகைக்கு முன்னம் ஆறு என்றாள். அத்திவார மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வா என்றேன், கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். பொத்திப் பிடித்தேன், உருண்டையாக நின்றது, கையில் ஈரம் ஒட்டவில்லை. இடுப்பு உயரத்தில் இருந்து போடச் சொன்னேன், மூன்று துண்டாக உடைந்தது என்றாள். நல்ல கிறவல், சரியான ஈரம். மாஷா அல்லாஹ் என்றேன். அவள் தலையைத் தடவினேன். அவள் தலை என் கைக்குக் கீழே அசையாமல் இருந்தது. ஏழாவது அடுக்கும் முடிஞ்சிது உம்மா, மட்டம் புடிச்சாச்சி என்று மஃரிபுக்குச் சொன்னாள். நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டேன்.

புதன் கட்டு அவிழ்த்தார்கள். வியாழன் தம்பிமுத்து சுகம் பார்க்க வந்தார், பிஸ்கட் பெட்டியோடு. வாசலில் இருந்து கதிரைக்கு அவர் நடந்து வந்த நடையை என் புதுக்கண்ணால் பார்த்தேன், இடது காலை இழுத்து இழுத்து வந்தார். என்ன மேசன், கால்? ஒண்டும் இல்ல றாத்தா, சைக்கிள்ல வழுக்கிட்டன். எங்கே வழுக்கினீங்கள்? பாண்டிருப்புச் சந்தியில. மழை பெய்யாத நாளில் சந்தியில் என்ன வழுக்கும்? மனிதன் பிஸ்கட் பெட்டியை மடியில் வைத்து அதன் கடதாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, வாய் பொய் சொல்லிட்டு றாத்தா, கால்தான் சொல்ல மாட்டன் எண்டுது என்று சிரித்தார். சிரித்துவிட்டு அழுதார். அறுபத்திரண்டு வயது மனிதன். போனை எடுத்து உன் குரலைப் போட்டுக் காட்டினார்.

நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருந்தால் தெரிந்துகொள். “மேசன், உம்மாட ஆறங்குலக் கதைய விட்டுட்டு பெக்கோவக் கூப்பிட்டு ஒரே நாள்ல மூடுங்க. தோண்டின மண்ண ஏத்திப் பறிக்கிற வேலையும் வேணாம், அதையே போடுங்க, மேல மட்டும் ஒரு லோட் கிறவல் விரிச்சா சரி. உம்மாக்குக் கண்ணு கட்டிக் கிடக்கிற ரெண்டு நாளைக்குள்ள முடியணும். ஆரும் சொல்லாதீங்க. மறுகா நான் பாத்துக்கிறன்.” மூன்று முறை போட்டுக் கேட்டேன். முதல் முறை உன் குரல் என்று நம்பவில்லை. இரண்டாம் முறை நம்பினேன். மூன்றாம் முறை கேட்டது, நீ அதைச் சொல்லும்போது பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது, அது நீயா என்று பார்க்க.

மேசன் மிச்சத்தையும் சொன்னார். மண் தள்ளுகிற மெசின், அந்தப் பெக்கோ வந்து, தோண்டிக் கிடந்த களியை உள்பக்கம் முழுவதும் ஒரே அடியாகத் தள்ளியிருக்கிறது, வெளிப்பக்கக் கிடங்கு அப்படியே வெறுமையாகக் கிடக்க. மூன்று நாள் சாந்துக் கல்லு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் காற்று. குசினிப் பக்கச் சுவர் தள்ளுவது கண்டு, இந்த மனிதன் வெளிக்கிடங்கில் குதித்துப் பலகை முட்டுக் கொடுக்கப் போயிருக்கிறார், செருப்புக் காலோடு. மெசின்காரனுக்கு அவர் அங்கே நிற்பது தெரியாது, வெளிப்பக்கம் மண் பறிக்க வாளியைத் திருப்பியிருக்கிறான். கிடங்கு ஓரம் இடிந்து முழங்கால் வரை மூடிவிட்டது, வாளி தலைக்கு மேலே நின்றதாம். கூக்குரல் கேட்டு நிறுத்தினான். இழுத்து எடுத்து ஓட்டோவில் ஏற்றி எண்ணெய் வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறார்கள். மனிசிக்குச் சைக்கிள் என்று சொல்லியிருக்கிறார். அவரை அனுப்பிவிட்டு மெசின் திரும்பவும் வேலை செய்திருக்கிறது, மகன். அதுதான் அப்னா என்னிடம் வந்து நாலாவது அடுக்கு என்று சொன்ன நேரம்.

வெள்ளி ஜும்ஆ முடிந்து, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்னாவின் கையைப் பிடித்து வளவுக்குப் போனேன். ஒன்றும் தெரிந்ததாகக் காட்டவில்லை. பார்வைக்கு அழகுதான், மறுக்கவில்லை. செம்மண் நிறத்தில் மட்டமாக, புட்டுக்கு மேலே தேங்காய்ப்பூத் தூவியது மாதிரி கிறவல். றிஸ்லாவின் வளவில் இருந்து பத்து எம்எம் கம்பி ஒன்று எடுத்து வந்திருந்தேன். எனக்குக் குனியக்கூடாது, நீ குத்து மகள் என்று அப்னாவிடம் கொடுத்தேன். ஏன் உம்மா என்றாள். நல்லா இறுகிய மண்ணில் கையால் அமத்தினால் ஒரு சாண் தாண்டாது, குத்து என்றேன். அவள் குத்தினாள். தயிருக்குள் கரண்டி போவது மாதிரிப் போனது. ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண், அவளுடைய கை மண்ணில் முட்டும் வரை. ஹோலுக்குள் குத்தச் சொன்னேன், அங்கும் அப்படி. குசினி மூலையில் குத்தச் சொன்னேன், பாதியில் நின்று தெறித்தது. இழுத்துப் பார்த்தால் கம்பி நுனியில் பொச்சு நார். தென்னம் பொச்சும் சீமெந்துப் பையும் பலகைத் துண்டும் எல்லாம் உள்ளே போட்டு மூடியிருக்கிறார்கள். பொச்சு உக்கினால் அந்த இடம் பள்ளமாகும், பலகைக்குக் கறையான் வரும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்னா கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே குந்திவிட்டாள். எத்தனை அடுக்கு மகள் என்று கேட்டேன். அந்தக் கைப்பிடி மண் எங்கே அள்ளினாய் என்று கேட்டேன். றோட்டில பறிச்சிக் கிடந்த கிறவல்ல அள்ளின உம்மா என்றாள். மண் நல்லதுதான், அது பொய் இல்லை, அத்திவாரத்துக்குள் போகாத மண், அவ்வளவுதான். பிறகு அழுதுகொண்டு உன்னைத்தான் சொன்னாள், நானாட்ட நாந்தான் கேட்டன் உம்மா, நானாட லீவுக்குள்ள கதவு நிலை வெச்சி நிக்காஹ்வும் முடிஞ்சாத்தான் மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிப் போக ஏலும், இல்லாட்டி வருசம் ஒண்டாகும் எண்டு அவங்கட உம்மா சொன்னா, நானா சொன்னார் உம்மாட்ட எண்ணிச் சொன்னாப் போதும் எண்டு. எண்ணிச் சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுத்ததும் நீதானா? நான் அவளை ஏசவில்லை. அவள் கேட்டது கலியாணம், அது கேட்கிற வயது. அவளுக்கு மண் தெரியாது. உனக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம், இந்தக் கடிதம் உனக்கு வருவதும் அதற்காகத்தான்.

உனக்குத் தெரியும் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. நீ அங்கே போன முதல் வருடம் போன் எடுத்து என்ன சொன்னாய்? உம்மா, இஞ்ச ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஆள் பெட்டியோட வந்து சோதிச்சிட்டுப் போறான், அவன் சரி எண்டாத்தான் அடுத்த மண் என்றாய். முதல் நாள் சைட்டில் நீ குனிந்து மண்ணைப் பொத்திப் பார்த்ததைக் கண்டு உன் பெரியவர், இதை எங்கே படித்தாய் என்று கேட்டதாகவும், எங்கட உம்மாட்ட என்று நீ சொன்னதாகவும் சொன்னாய். அன்றைக்கு நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்நிய நாட்டானின் கட்டடத்துக்கு ஒவ்வொரு அடுக்காகச் சோதிக்கிறாய், கூடப் பிறந்தவளின் வீட்டுக்குக் குப்பையைப் போட்டு மூடு என்கிறாய். அங்கே இப்படிச் செய்தால் உன்னை அடுத்த பிளைட்டில் ஏற்றிவிடுவார்கள். இங்கே உம்மாதானே, கண்ணும் கட்டிக் கிடக்கிறது என்று நினைத்தாய்.

நான் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. றிஸ்லாவின் வீட்டில் படித்தேன். உன் வாப்பா மீராமுகைதீன், அல்லாஹ் அவருடைய கபுறை வெளிச்சமாக்கட்டும், எங்கட வயல் மண் எங்கட புள்ளட ஊட்டுக்குள்ள கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டு, வரம்பு வெட்டிய களியை உழவு மெசினில் ஏற்றிவந்து அத்திவாரத்துக்குள் கொட்டினார். எனக்கும் அது அழகான காரியமாகத் தெரிந்தது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் ஊரில் உம்மா வாப்பாவின் கடமை, அதற்குள் நம் மண்ணும் இருக்கட்டும் என்று நானும் சேர்ந்துதான் ஓம் என்றேன். பிழை என்னுடையதும்தான், மறைக்கவில்லை. இரண்டாவது மாரியில் குசினி நிலம் இறங்கியது. இன்றைக்கும் கழுவிய தண்ணீர் பீலிக்குப் போகாமல் மூலைக்குத்தான் போகிறது, அலுமாரிக்குக் கீழே றிஸ்லா வைத்திருக்கிற மரக்கட்டையை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறாள். அவளுடைய மாப்பிள்ளை நல்லவர், ஆனாலும் விருந்தாளி வந்தால், கவனம், மாமி தந்த பள்ளம் இரிக்கி, பாத்து மிதிங்க என்று சொல்லிச் சிரிப்பார். பதினாலு வருடம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அந்தக் குசினியில் நிற்கிறேன். அதற்குப் பிறகுதான் ஊரில் எங்கே அத்திவாரம் மூடினாலும் போய் நின்று பார்த்தேன். றோட்டுப் போட வந்த ஓவசியரிடம் வெட்கமில்லாமல் கேட்டேன், அவர்தான் மண்ணைப் பொத்திப் பார்க்கக் காட்டினார். நீ அப்போது என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய், உம்மா இஞ்சினியர் என்று பகிடி பண்ணினாய். அப்னாவுக்கும் ஒரு பள்ளம் வேண்டாம் என்றுதான் இவ்வளவும்.

இன்னும் இருக்கிறது. குசினிப் பக்கச் சுவருக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு அங்குலம் வெளியே வயிறு தள்ளி நிற்கிறது. வெளிப்பக்கம் நான் சொல்லித் தார் பூசிய இடத்தில் வாளிப் பல்லுச் சுரண்டிய தடம். இதற்கு மேலே நான் ஒரு செங்கல்லும் வைக்க விட மாட்டேன். நிலை வைக்கிற நாளை நான் நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போனேன். அவருடைய உம்மா ஸாலிஹா தேத்தண்ணி தந்து கண்ணை விசாரித்தா. நான் சுற்றி வளைக்காமல், அத்திவாரத்தைத் தோண்டப் போகிறோம், நாள் தள்ளும் என்றேன். மூடினதத் தோண்டுறதோ, என்ன மச்சி, மய்யித்தா தோண்டுறீங்க என்றா. நான் உள்ளதைச் சொன்னேன். அப்ப மண் இறுகுமட்டும் என்ட மகனும் இறுகிக்கிட்டுக் கிடக்கணுமோ என்றா. கிடக்கட்டும் மச்சி, இறுகாத மண்ணுக்கு மேலே என் மகளும் உங்கள் மகனும் படுக்கிறதை விட அது நல்லம் என்றேன். அவ சிரிக்கவில்லை. யோசிச்சிச் சொல்றன் என்றா. இன்று ஞாயிறு, இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கலியாணம் நின்றாலும் நிற்கும், மகன். அதை நான் தெரிந்துதான் போனேன். அப்னாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். திரும்பி வரும்போது அவள் வளவு மூலையில் நின்று, மம்பட்டி றிஸ்லாத் தாத்தாட ஊட்ட ரெண்டு கிடக்கு உம்மா, போதுமா என்று கேட்டாள். நான் தலையைத் தடவவில்லை. போதாது, நாலு வேணும் என்றேன்.

பிறகு பாண்டிருப்புக்குப் போனேன். தம்பிமுத்துவின் மனிசி செல்லத்தங்கம் அவருடைய காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தா. சைக்கிள் இல்லை, என் மகளின் வீட்டுக் கிடங்கு, என் மகன் சொன்ன வேலை என்று நான்தான் சொன்னேன். மேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்லத்தங்கம் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, மகன் எப்ப வாறார் எண்டு மட்டும் கேட்டா. அவ ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு உடையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வாளி இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், நீயும் செல்லத்தங்கத்துக்கு என்ன முகம் காட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது.

உன்னை நான் சபிக்கவில்லை. ஐந்து வக்திலும் உனக்காகத்தான் கை ஏந்துகிறேன், அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான உழைப்பும் தரட்டும், உன் பிள்ளைகள் உன்னிடம் பொய் சொல்லாமல் வளரட்டும். வெயிலில் தண்ணீர் குடி. ஆனால் மன்னிப்பு என்பது நீ இனி எழுதுகிற பதிலில் இல்லை, செய்கிறதில் இருக்கிறது. செய்ய வேண்டியதை ஆள் ஆளாக எழுதுகிறேன்.

தம்பிமுத்து மேசன் கால் ஆறும் வரை கிடங்குக்குள் இறங்கக்கூடாது. கதிரை போட்டிருந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். அவருடைய நாட்கூலி ஒரு நாளும் நிற்காது. தோண்டுவது கையால், நாலு பேர், உள்ளும் வெளியும் சமமாக. பெக்கோ வளவு வாசலுக்கு இங்கால் வரக்கூடாது. கிடங்குக்குள் ஆள் நிற்கும்போது மேலே இருந்து ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது. களியும் பொச்சும் பலகையும் அன்றன்றே வளவை விட்டுப் போக வேண்டும். தள்ளிய குசினிச் சுவரை மேசனின் ஆட்கள் கழற்றித் திரும்பக் கட்டுவார்கள், தார் திரும்பப் பூசுவார்கள், பிறகு பதினாலு நாள், பதின்மூன்று இல்லை.

றிஸ்லா வேலைக்காரருக்குச் சமைப்பாள், சுவருக்குக் காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுவாள். அவளுடைய மாப்பிள்ளை கிறவல் ஏற்றுகிற இடத்துக்கே போய் நின்று பார்த்து ஏற்றிவர வேண்டும், பள்ளம் பற்றிச் சிரித்தவருக்கு அந்த வேலை தெரியும்.

அப்னா அளவு நாடாவோடு சுவர் ஓரம் நிற்பாள். ஒவ்வொரு அடுக்கும் ஆறு அங்குலம், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, கை இடிகட்டையால் இடித்து முடிந்த பிறகு உரக்க எண்ணுவாள், தெருவுக்குக் கேட்க. வெளிமண் மேலே வரும்போது அதை சுவரில் இருந்து சரிவாக விட வேண்டும், மாரித் தண்ணீர் வீட்டைப் பாராமல் வேலியைப் பார்த்து ஓட. அதையும் அவளே பார்ப்பாள், அவளுடைய வீடு.

நீ இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஸாலிஹாவுக்குப் போன் எடுத்து, நாள் தள்ளியது உன்னால், என் பிடிவாதத்தால் இல்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அவ என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடுத்தது செல்லத்தங்கத்துக்கு எடுக்க வேண்டும், மேசனுக்கு இல்லை, செல்லத்தங்கத்துக்கு. லீவை மாற்றாதே, அடுத்த மாதக் கடைசியில் சொன்ன நாளுக்கே வா. வரும்போது நீ சைட்டில் போடுகிற முன்னுக்கு இரும்பு வைத்த சப்பாத்து இரண்டு சோடி மறக்காமல் கொண்டுவா, மேசனுக்கு எட்டாம் நம்பர், மற்றது உனக்கு. ஆறு அடுக்கு நாங்கள் முடித்து வைப்போம். ஏழாவதை நீ இடிப்பாய், மெசினால் இல்லை, கையால், உன் பத்து நாள் லீவில் எத்தனை நாள் சென்றாலும். முடிந்ததும் அப்னா கம்பியைக் குத்தி எத்தனை சாண் இறங்கியது என்று எனக்குச் சொல்லுவாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் உம்மா,
மீ. சுபைறா.